ஓடெல் கிரேசன் உட்கார்ந்த ஆட்டம்

விழாத் தலைவரும் அணியின் உரிமையாளருமான வார்ட் ஸ்டெகல் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து தவறாமல் தலையாட்டும் நகரசபைப் பெருமக்களே! தொண்டை கிழியக் கத்தித் தேர்ந்த பெரியவர்களே! பிள்ளைகளின் சட்டையில் ரத்தக்கறையைத் துவைத்தெடுத்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் மனைவியோடு அடக்கமாக அமர்ந்திருக்கும் ஓடெல் கிரேசனே! பதினோரு வருடம் இந்த அணியின் கணுக்கால்களுக்குக் கட்டுப்போட்ட வெல்டாவின் வணக்கம்.

என்ன கொடி! என்ன விளக்கு! என்ன வெள்ளிக் கேடயம்! ஓடெலுக்கு மரியாதையாக, அவன் போட்டு ஆடிய பத்தொன்பதாம் எண் சட்டையை உத்தரத்தில் ஏற்றப்போகிறார்களாம். ஏற்றுவது யார்? சட்டைக்குள் இருந்த மனிதனை ஒன்பது வருடத்துக்கு முன் வெளியே தள்ளிய அதே கைகள்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

பெரிய மைதானத்துக்காரர்கள் அவனைக் குள்ளன் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் இங்கே வந்தான். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் நம் அமெரிக்கக் கால்பந்துக்கு இங்கே கூரைக்குக் கீழே ஐம்பது கஜம்தான், ஓரமெல்லாம் மெத்தை கட்டிய மரச்சுவர். இதெல்லாம் ஒரு கால்பந்தா என்று நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சுவரில் மோதி மோதி நானூற்றுப் பன்னிரண்டு முறை பந்தோடு எல்லையைத் தொட்டுப் புள்ளி எடுத்தான். அவன் என்றுதான் சொல்வேன். அவன் எலும்பெல்லாம் எனக்குப் பழக்கம்.

பிறகு வந்தது அந்த அரையிறுதி. நம் பந்தெறிபவன் கிட் லண்ட்கிரென் சுவரில் மோதினான். மெத்தை நழுவியது. மண்டை வெறும் மரத்தில் அடித்தது. நான் ஓடினேன். "உன் பேரு என்னப்பா?" என்றேன். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பேர் வரவில்லை.

ஓடெல் நேராக ஸ்டெகலிடம் போனான்.

"சார், மெத்தைய இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. அப்புறம் ஆடுறோம்."

"மெத்தை நல்லாத்தான் இருக்கு. பயமா இருந்தா வீட்டுக்குப் போ."

"பயமாத்தான் இருக்கு. அதான் உக்காரப் போறேன்."

நடுத்தரையில் உட்கார்ந்தான். நீங்கள் என்ன செய்தீர்கள், வீரத்தின் காவலர்களே? "எந்திரிடா கோழை!" என்றீர்கள். குடித்த காகிதக் கோப்பைகளை வீசினீர்கள். என்ன அங்கே முணுமுணுப்பு? நீங்கள் வீசவில்லையா? சரி, காற்று வீசியது என்று வைத்துக்கொள்வோம்!

எதிரணித் தலைவன் ரிகோ வந்தான். "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, எனக்கும் எடம் வேணும்" என்றான். பிறகு இரண்டு அணியும் உட்கார்ந்தன. இருபத்தைந்து நிமிடத்தில் தச்சர் வந்தார், மெத்தையை இறுக்கினார், ஆட்டம் நடந்தது. ஓடெல் மூன்று முறை எல்லையைத் தொட்டும் தோற்றோம்.

மறுநாள் ஸ்டெகலிடமிருந்து ஒரு தாள் எல்லா அணிகளுக்கும் போனது. "மெத்தையில் குறையில்லை; கிரேசன் ஆட மறுத்தார்." அவனுக்கு அப்போது வயது முப்பது. அதற்குப் பிறகு எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை.

அந்தத் தாளின் அடியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று இருந்தது. யாருடையது? உங்களையெல்லாம் இவ்வளவு நேரம் ஏசினேனே, இந்த வெல்டாவுடையது! போடாவிட்டால் வேலை போய்விடும் என்றார் ஸ்டெகல். போட்டேன். நீங்கள் பார்த்துக் கோழை என்று கத்தியிருக்க வேண்டிய ஆள் நடுத்தரையில் இல்லை, ஓரத்தில் மருந்துப் பெட்டியோடு நின்றாள்.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறாரா தலைவர்? நிறுத்துங்கள். எனக்குத் தொண்டை இருக்கிறது!

மெத்தை அவிழ்ந்திருந்தது. அன்று காலையிலேயே ஸ்டெகலிடம் சொன்னேன். "ஒரு ஆட்டம் தாங்கும்" என்றார். இது உண்மை. இதற்கும் நானே சாட்சி.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்டவர்களுக்கு இன்னும் நன்றி. ஓடெல், நான் கீழே இறங்கி வருகிறேன். என்ன சொல்ல வேண்டுமோ, என் முகத்தைப் பார்த்துச் சொல். வணக்கம்.