பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஒரு வாசகர் கருத்து

எங்கட வீட்டுத் தேத்தண்ணியில் சீனி இருக்காது மகன். டாக்டர் எனக்குச் சொன்னதை என் பெண்சாதி சபூறா, வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் சேர்த்துச் சட்டமாக்கிப்போட்டா. இனிப்புக்குத் தொதல் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடியுங்க. போனைப் பதிவில் போட்டு மேசையில் வையுங்க. நான் மெதுவாகத்தான் கதைப்பேன், ஆனால் முழுக்கக் கதைப்பேன்.

உங்கட வாப்பாவுடைய படக்கதைப் புத்தகத்தை இரண்டாம் தரம் அடிக்கப்போறீங்க, கடைசியில் வாசகர் கருத்து என்று சில பக்கம் சேர்க்கப்போறீங்க. நல்ல விஷயம். பளீல் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகுது, பிள்ளை செய்ய வேண்டியதுதான். ஊரெல்லாம் கேட்டு முடித்து, கடைசியாக இந்தக் கச்சிமுகம்மதுவிடம் வந்திருக்கீங்க. அதிலும் பிழையில்லை. அந்தப் புத்தகத்தை இந்த ஊரிலேயே அதிகமாக வாசித்தவன் நான்தான்.

கதையை நீங்களும் கட்டாரிலிருந்து வாசித்திருப்பீங்க. 'கல்முனைக்கு வந்த பேய்கள்'. ஒரு கப்பல் உடைந்து மூன்று வெளிநாட்டுப் பேய்கள் எங்கட கடற்கரையில் ஒதுங்குதுகள். கறுப்பு அங்கி போட்ட இரத்தக்காட்டேரி ஒன்று, பௌர்ணமிக்கு மயிர் முளைக்கிற ஓநாய் மனிதன் ஒன்று, உடம்பெல்லாம் துணி சுற்றின பழைய காலத்துப் பிரேதம் ஒன்று. கரையேறினதும் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் ஒரு கிழவன் இருக்கிறான். வழுக்கை, ஒரு காது மற்றதைவிடப் பெரிசு. என்னைப் பாருங்க, காதைப் பாருங்க. நான்தான்.

பேய்கள் ஒவ்வொன்றாகப் பயங்காட்ட வருகுதுகள். கிழவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்கிறான். காட்டேரி முந்நூறு வருஷம் இரத்தம் குடித்தேன் என்றால், கிழவன் எங்கட வீட்டு நுளம்பு அதைவிட மூத்தது என்கிறான். கடைசியில் மூன்றும் காதைப் பொத்திக்கொண்டு கடலில் பாய்ந்து நீந்திப் போகுதுகள்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாண்டிருப்பு அன்னப்பிள்ளை, சந்தையில் உள்ளி வெங்காயம் விற்கிறவ, என்னைக் கூப்பிட்டுக் கேட்டா: "நானா, இந்தக் காட்டேரி உள்ளிக்குப் பயமாமே, ஏன்? இப்ப உள்ளி விக்கிற விலைக்கு வாங்குற நாங்கதானே பயப்படணும்?" மருதமுனையில் ஒரு நெசவாளி அந்தப் பிரேதத்தின் துணியை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கரையுமில்ல, ஒட்டுமில்ல, இது எங்கட ஊர்த் துணி இல்ல, எழுதி வையுங்க" என்று கோபப்பட்டார். பள்ளிவாசல் மௌலவி எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, உங்கட வாப்பாவிடம் "பயமே வரல்லயே மாஸ்டர்" என்று கவலைப்பட்டார். என் பேத்தி றிஸ்லா, ஓநாய் மனிதனைப் பக்கத்து வீட்டு நாய் என்று நினைத்து அதற்குப் பேர் வைத்தாள். பேஸ்புக்கில் வந்த கருத்தையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் எழுத்தே இல்லை, சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் முகம்.

இதில் எதுவும் எனக்கு வருத்தமில்லை. பொது மனிதனாக வாழ்ந்தவன் நான், நாலு பேர் சிரிக்கத்தான் செய்வாங்க.

என்னுடைய கருத்து பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றியது.

அதற்கு முதல் உங்கட வாப்பாவுக்கும் எனக்கும் இருந்த ஒழுங்கைச் சொல்ல வேணும். நான் கதை சொல்கிறவன், அவன் சாட்சி. காக்கா என்று அண்ணன் முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவான். சூறாவளி அடித்த வருஷம் கூரைத் தகரத்தில் இருந்தபடியே கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் பறந்தேன் என்று நான் சொல்லுவேன். சனம் உடனே அவனைத்தான் திரும்பிப் பார்க்கும். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "ஓம், நான்தான் சைக்கிள்ள போய் காக்காவை ஏத்திக்கொண்டு வந்த" என்பான். இறக்காமம் குளத்து முதலைக்குச் சூத்தைப் பல் பிடுங்கினேன் என்று நான் சொன்னால், "ஓம், குறடு என்ட" என்பான். அவன் சித்திரம் படிப்பித்த மாஸ்டர், பொய் சொல்லாத மனிதன் என்று பேர் எடுத்தவன். அவன் ஓம் என்றால் என் கதைக்கு முத்திரை குத்தின மாதிரி. சனம் முழுக்க நம்பாது, ஆனால் முழுக்கத் தள்ளவும் மாட்டாது. அந்த இடைவெளியில்தான் மகன் நான் நாற்பது வருஷம் குடியிருந்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில், பேய்கள் நீந்திப் போன பிறகு, கிழவனுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மாஸ்டர் நிற்கிறார். தன்னைத்தான் கீறியிருக்கிறான். வாசிக்கிற ஆளைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான்: "நான் இவருடைய ஒரு கதையையும் ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்."

அதோடு சரி. அதற்குப் பிறகு ஊரில் பொய்க்குப் பேரே பன்னிரண்டாம் பக்கம். கடன் நாளைக்குத் தாறேன் என்றால், "என்ன, பன்னிரண்டாம் பக்கமா?" மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்றால், பன்னிரண்டாம் பக்கம். நான் மழை வரும் என்றால் பெண்டுகள் காயப்போட்ட உடுப்பை எடுக்காமல் நின்று சிரித்தாங்க. மழையும் வந்தது, உடுப்பும் நனைந்தது. அப்படியும் நம்பல்ல.

ஒருநாள் மத்தியானம், லுஹர் நேரம், எனக்கு நெஞ்சு நோவு வந்தது. குசினி வாசலில் இருந்து, "சபூறா, நெஞ்சைப் பிடிக்கிது" என்றேன். அவ மீன் பொரித்துக்கொண்டு நின்றா. "பன்னிரண்டாம் பக்கம்" என்றா. திரும்பியும் பார்க்கல்ல. அவவில் பிழையில்லை. ஊர் சொன்னதைத்தான் அவவும் சொன்னா. பக்கத்து வீட்டுப் பொடியன் என் நிறத்தைப் பார்த்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினான். அதனால் உங்களோடு இன்றைக்கு இருந்து கதைக்கிறேன்.

உங்கட வாப்பா ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு வந்தான். கட்டிலடியில் இருந்துகொண்டு, "ரெண்டாம் பாகத்துக்கு நல்ல விசயம் ஒண்டு தந்திருக்கீங்க காக்கா" என்றான். தமாஷ்தான். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்: "பளீல், ஒருநாளும் நீ என்னை நம்பல்லயா?"

"அது படத்துக்குப் போட்டது காக்கா. ஆக்கள் சிரிக்கவேணாமா? உங்கட எதை நம்புற, எதை நம்பக்கூடாது எண்டு எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றான். அதையும் பதிவு செய்துகொள்ளுங்க. நான் ஒன்றையும் மறைக்கிறதில்லை. ஆனால் கட்டிலில் குழாய் மாட்டின மனிதனுக்குச் சொல்கிறது ஒன்று, அச்சடித்து ஊருக்குக் கொடுக்கிறது ஒன்று. அச்சில் வந்ததைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்ப அந்த நாளுக்கு வருவம்.

இறக்காமத்து வயல்வட்டைக்குள் எங்கட இரண்டு பேருடைய வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது உங்களுக்குத் தெரியும். கதிர் முற்றுகிற காலம். அவனுடைய வயலுக்கு வேலப்போடி காவல், மரத்தில் கட்டின பரணில் இருப்பார். அவரை உங்கட வாப்பா வைத்திருந்ததே அவருடைய காதுக்காக. இருட்டில் மூச்சுக் கேட்டால் மாடா மற்றதா என்று சொல்லிவிடுவார். பின்னேரத்தில் பளீல் அவருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு போகிறது வழக்கம். நான் அன்று அவனுக்கு முதலே வயல் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மதகடிக்கு வந்தபோது கண்டேன். தனியன், கூட்டத்தை விட்டுத் திரிகிறது. மரத்தோடு மரமாக நின்றது. ஒரு காது மட்டும் அசைந்தது. நான் மோட்டார் சைக்கிளைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வேறு பக்கத்தால் வந்து ஏறினேன்.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் வரை இருந்தாங்க. எல்லாரும் வயல்காரர். பளீலும் பார்சலை ஹான்டிலில் கொழுவிக்கொண்டு வந்து சேர்ந்தான். நான் அவனைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "போகாத பளீல். மதகடியில யானை நிக்கிது."

கடை முழுக்கச் சிரித்தது. ஒருத்தன், "எத்தனை தலை காக்கா?" என்று கேட்டான். இன்னொருத்தன் பக்க நம்பரைச் சொன்னான். பளீலும் சிரித்தான். என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான், "சரி காக்கா" என்றான், போனான். அந்தி மஃரிபு பாங்குக்கு முன்னம் மௌத்துச் செய்தி வந்துவிட்டது.

மரண விசாரணையில் கடையிலிருந்த எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னாங்க. கச்சி காக்கா சொன்னார், யானை நிற்கிது என்று தெளிவாகச் சொன்னார், நாங்கதான் நம்பல்ல. விசாரிக்க வந்த ஐயா என் தோளில் கை வைத்து, நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள் என்றார். அவர் வெளியூர். அவருக்குத் தெரியாத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. உங்களுக்கும் தெரியாது, நீங்க சின்னதிலேயே வெளிநாடு போன பிள்ளை, வட்டைக்குள் கால் வைத்ததில்லை.

வட்டைக்குள் நாங்கள் அதைப் பேர் சொல்கிறதில்லை. பேர் சொன்னால் கூப்பிட்டது போல என்று முந்தின ஆக்கள் நினைத்தாங்க, நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். உண்மையாக நின்றால், குரலைத் தாழ்த்தி, "பெரியவர் நிக்கிறார்" என்போம். அவ்வளவுதான். உடனே எல்லாரும் எழும்பிவிடுவாங்க. யானை என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும், அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதவும் வைத்திருக்கிறோம். வயல்காரன் ஒருத்தன் வட்டைக்குப் பக்கத்தில் நின்று, சத்தமாக, "யானை நிக்கிது" என்றால், அவன் தமாஷ் விடுகிறான் என்று அர்த்தம்.

தெரிந்துதான் சொன்னேன் மகன். மதகடியிலிருந்து கடைக்கு வருகிற வழியெல்லாம் எந்தச் சொல்லைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அவசரத்தில் வாய் தவறல்ல. பெரியவர் என்று சொல்லியிருந்தால், பன்னிரண்டாம் பக்கம் எல்லாம் பறந்துபோய், அத்தனை பேரும் யானை வெடியும் பந்தமும் எடுத்துக்கொண்டு அவனோடு போயிருப்பாங்க. அந்தச் சொல்லில் யாரும் விளையாடுகிறதில்லை, நான்கூட விளையாடினதில்லை. ஒரு சொல் மாற்றினேன். அவன் தனியப் போனான்.

பொய் சொல்லல்ல, பாருங்க. என் ஆயுளில் நான் சபையில் சொன்ன சுத்தமான உண்மை அது ஒன்றுதான். ஒருநாளும் நம்பியதில்லை என்று அவன் அச்சடித்துக் கொடுத்தான். அப்படியா என்று பார்த்தேன். நம்புகிற சிநேகிதனாக இருந்தால் நின்றிருப்பான், நம்பாதவன் போனான். அவனே எழுதின தீர்ப்பு, நான் வாசிக்க மட்டும் செய்தேன்.

ஜனாஸா வீட்டில் நான் நடந்ததைச் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கல்ல. கண் கலங்கிக் கேட்டாங்க. இப்ப நான் மழை வரும் என்றால் உடுப்பை எடுக்கிறாங்க. அதுக்காகச் செய்தேன் என்று மட்டும் போட்டுவிடாதீங்க.

நீங்க ஏன் தேத்தண்ணியைத் தள்ளி வைக்கிறீங்க? வேலப்போடி உங்களிடமும் வந்து கதைத்தாரா? என்னிடம் மூன்றாம் நாள் வந்தார். மாஸ்டர் மதகு வழியால் வரவில்லை, சுற்றிக்கொண்டு வரம்பு வழியால் வந்தார் என்றார். அது மதகடி சேறு என்பதால் இருக்கும். பெரியவர் அதற்குள் இடம் மாறி வரம்புப் பக்கம் வந்திருக்கிறார், அது யாருடைய பிழையும் இல்லை. தினமும் அந்த நேரம் வேலப்போடி கை கழுவ வாய்க்காலுக்கு இறங்குகிறவராம். தூரத்தில் நின்று மாஸ்டர் கத்தினாராம்: "போடியார், பரணை விட்டு இறங்காதீங்க, பெரியவர் நிக்கிறார், காக்கா கண்டுட்டு வந்து சொன்னார்." அதைச் சொல்லத்தான் மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தாராம்.

யானை என்று சொல்லல்லையாம். பெரியவர் என்றாராம்.

வேலப்போடிக்கு வயசு போயிற்று மகன். அவருக்கு இப்ப காது சரியாகக் கேட்கிறதில்லை.