மாதக் காசைக் கேட்க மறந்த வாசிகசாலை

சபையை நடத்தும் தலைவர் செல்வநாயகம் அவர்களே, சால்வை போர்த்திச் சாய்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அருமைத் தாய்மாரே, உருத்திரபுரத்து உழவர் மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்!

நம் வாசிகசாலைக்கு எந்த இணைய இணைப்பை எடுப்பது என்று மூன்றாவது முறையாகக் கூடியிருக்கிறோம். இந்த நேரத்துக்கு ஒரு கிணறு வெட்டித் தண்ணீரும் குடித்திருக்கலாம்!

நான் படித்தவளல்ல. ஆனால் மறப்பவளும் அல்ல. போன வருடம் இணையத் திறப்பு விழாவில், இதே மேடையில், "மாதம் மாதம் எவ்வளவு கட்ட வேணும்?" என்று கேட்டேன். தலைவர் என்ன சொன்னார்? "ஆச்சி, உதெல்லாம் பிறகு பாப்பம். இப்ப நாடா வெட்டப்போறம், கொஞ்சம் இருங்கோ!" இருந்தேன். நாடா வெட்டினீர்கள், நாதஸ்வரம் ஊதினீர்கள், நாலு பக்கமும் நின்று படம் பிடித்தீர்கள். என் கேள்விக்கு மறுமொழி மட்டும் இன்னும் வரவில்லை!

கனடாவிலிருந்து யோகநாதன் தம்பி, காலமான தகப்பனாரின் நினைவாக அவர் பெயர் எழுதி, வானத்திலிருந்து இணையம் பிடிக்கும் டிஷ் ஒன்றை அனுப்பினார். கொடுத்த கை வாழ்க! வாங்கிய நாம் என்ன செய்தோம்? சும்மா வந்தது என்று துள்ளினோம். மாதம் இரண்டு மூடை நெல்லின் காசை அது தின்னும் என்று எவராவது யோசித்தீர்களா? கட்ட முடியவில்லை, இணைப்பு அறுந்தது. இப்போது அதில் காகம் குந்துகிறது.

அந்த நேரம்தான் வடிவம்மாவின் மகள் மேனுகா பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்ப வந்தாள். டிஷ் செத்துக் கிடந்தது. குளக்கட்டில் ஏறிச் சிக்னல் தேடிக் கைபேசியை வானுக்குக் காட்டினாள். திகதி முடிந்தது. இன்று ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். யார் பொறுப்பு? காகமா?

"சிம் போட்ட றவுட்டர் வாங்குவம், அதுதான் மலிவு!"

யாரது பின்கதிரையில், சிவராசாவா? மலிவுதான் தம்பி, மாதம் அரை மூடை நெல். ஆனால் உன்னைப் போல இரண்டு பேர் படம் பார்த்தால் ஒரு கிழமையில் டேட்டா முடியும். பிறகு காசு, அதற்குப் பிறகும் காசு! சிரிக்காதே!

கம்பத்தில் வரும் கேபிள் இணைப்போ மாதம் ஒரு மூடைக்கும் குறைவு, அளவில்லாமல் பாவிக்கலாம். பெரிய றோட்டிலிருந்து கம்பம் நட இருபது மூடைக் காசு என்றதும் மலைத்துப் போனீர்கள். வாய்க்கால் வெட்டியபோது கடைசி வயல்காரன்வரை பங்கு போடவில்லையா? முன்பள்ளியும் கமக்காரர் அமைப்பும் இதே வளவில்தானே? மூன்று பேரும் பங்கிட்டால் மாதக் காசு சுண்டைக்காய்! கம்பத்துக்குக் காசா? கூரையில் இருக்கிறது. டிஷ்ஷை விற்போம்!

ஏன் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்? செத்த மனிதரின் பெயர் எழுதியதை விற்கலாமோ என்ற பயம்! அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல்தானே இரண்டு கூட்டத்தைப் பாழாக்கினோம்? இதோ, அவரின் மகள், யோகநாதனின் தங்கை கமலாசனி முன்வரிசையில் இருக்கிறா. நீ சொல்லு, பிள்ளை!

"கழட்டி வில்லுங்கோ ஆச்சி. காகம் எச்சம் போடுற இடத்தில அப்பான்ர பேர் கிடக்கிறதுதான் எனக்கு வெக்கம். அண்ணாவோட நான் கதைக்கிறன்."

கேட்டதா சபையே? இனி என்ன சாட்டுச் சொல்வீர்கள்?

அடுத்த மாதம் நம்மூர்ப் பிள்ளை யதுர்ஷிகா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவளையும் குளக்கட்டுக்கு அனுப்பப் போகிறோமா? இன்னொரு பிள்ளையின் படிப்பையும் காற்றில் விடப் போகிறோமா? கேபிளுக்குச் சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள்! உயர்த்துங்கள், நான் பார்க்கிறேன்!

உயர்ந்த கைகளுக்கெல்லாம் என் நன்றி. இன்னும் மடியில் கிடக்கும் தலைவரின் கைக்கு, அது உயர்ந்த பிறகு வணக்கம்!