பட்டாபிராமன் சொன்ன பரவாயில்லை

என்ஜின் வேலை முடிந்த வண்டியை முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. இதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இரண்டு முறை சொல்வேன். பட்டாபிராமன் சாரிடம் மட்டும் கடைசித் தடவை சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் சாகேப், என் மராட்டி கடைத்தெருவுக்குத்தான் போதும் என்பதால் இதைத் தமிழில் எழுதித் தருகிறேன். என் பெயர் ரவிசந்திரன். சொந்த ஊர் கோயமுத்தூர். இங்கே போசரியில் இருபத்தாறு வருடமாக என்ஜின் பட்டறை நடத்துகிறேன். சிலிண்டர் குடைவது, கிராங்க் கடைவது, ஹெட்டை மட்டமாக்குவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்த ஆனை என் பட்டறைக்கு வந்து பார்த்ததில்லை.

மராட்டிக்காரர்களுக்கு வேலை பிடித்தால் "ஏக் நம்பர், ரவி சேட்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். பாணேரில் இருந்து வரும் ஐ.டி. பிள்ளைகள் ஐந்து நட்சத்திரம் போட்ட பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். பட்டாபிராமன் சார் நம்மவர். ஔந்தில் ஃபிளாட், பேங்க்கில் ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பா வாங்கிய பழைய காரைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அந்த என்ஜினைக் கட்டி முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. எங்கும் கிடைக்காத புஷ் வளையங்களை நானே கடைந்தேன். பானெட் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து ஸ்டார்ட் செய்தேன். தண்ணீர் அசையவில்லை. அவர் குனிந்து, காது கொடுத்துக் கேட்டார்.

"பரவாயில்லை ரவி, ஓடறது" என்றார்.

சுருக்கென்று தைத்தது. நம் ஜனங்களின் வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். என் கல்யாணச் சாப்பாட்டையே பரவாயில்லை என்று சொல்லி மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தவர்கள் உண்டு. அடுத்த வருடம் கியர்பாக்ஸ் வேலைக்கு வந்தார். அதற்கும் அதே வார்த்தைதான்.

பிறகு இந்த வருடம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. யாரோ அவரிடம், "ரவிகிட்ட வண்டியக் குடுத்தீங்களே, வேலை எப்படி?" என்று கேட்டார்கள். நாற்பது பேர் இருந்தோம். "பரவாயில்லை" என்றார். உடனே சமையற்காரரைக் கூப்பிட்டு, "பொங்கல் அற்புதம்யா" என்றார். பொங்கல் அடிப்பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த மாதமே வண்டியைக் கொண்டுவந்து, "கோலாப்பூர் போறேன் ரவி, ஒரு தடவை பாத்துக் குடுத்துடேன்" என்றார்.

"நானே பாக்கறேனுங்க சார்" என்றேன்.

ஹெட் ஃபிட்டர் சலீமுக்கு லீவு கொடுத்தேன். கனெக்டிங் ராட் போல்ட் ஒன்றை, ஊருக்குள் தாங்குகிற அளவுக்கு மட்டும் முடுக்கினேன். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் அது விட்டுவிடும் என்பது என் கணிப்பு. விட்டது. என்ஜின் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரிக்கு நிற்க இடமில்லை. சாருடைய மனைவி சரசா மாமி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன், கடைசி நேரத்தில் அவரும் கிளம்பிவிட்டார். அவர் எப்போதும் "அருமையா இருக்கு ரவி" என்று சொல்பவர். அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வண்டியைச் சோதித்தவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் "பொருத்தியவரின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். ஹெட் ஃபிட்டர் என்பதால் சலீமைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வாயைத் திறக்காதீர்கள், சின்ன தண்டனையோடு அவன் வந்துவிடுவான், உங்கள் மேல் ஒன்றும் வராது என்றார் என் வக்கீல். சலீமுக்காகத்தான் வந்தேன் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும், நல்ல பையன். ஆனால் என் பட்டறைப் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவு என்று ஒரு வார்த்தையா? அப்புறம் யார் அங்கே என்ஜின் கொண்டுவருவார்கள்?

ஆகவே அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்த போல்ட்டை அளந்து, யோசித்து, பட்டாபிராமன் சாக வேண்டும் என்றே நான் தளர்வாக விட்டேன். நான் கணித்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் வித்தியாசம் நாற்பது மீட்டர்கூட இல்லை. உங்கள் ஆட்களே அளந்து பார்க்கட்டும்.

இதை மராட்டியில் பெயர்க்க வானவடியிலிருந்து கல்யாணசுந்தரம் சாரை வரவழைத்திருக்கிறீர்கள். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். மரியாதையான மனிதர். இதுவரை எழுதியதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எப்படி இருக்கிறதுங்க என்று கேட்டேன்.

"பரவாயில்லை" என்றார்.

அவர் பழைய ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். வாசலில் நிறுத்தும்போதே கேட்டேன், என்ஜினில் ஒரு தட்டல் இருக்கிறது. வண்டியை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். ஜாமீன் கிடைத்ததும் நானே பார்த்துக்கொடுக்கிறேன்.