தோள்மேல் ஒரு கை

— வண்டிய நிறுத்து ரியாசு. நிறுத்துடா, சொல்றேன்ல.

— இன்னாடா அரி, ஒண்ணுக்கு வருதா?

— அதெல்லாம் இல்ல. தளவானூர் இன்னும் எவ்ளோ தூரம்?

— குகைக்கோயில் போர்டு தெரியுது பாரு. அங்க திரும்பினா எழிலன் வீடு. அஞ்சு நிமிஷம்.

— அப்ப இந்தப் புளியமரத்தடியில கொஞ்ச நேரம் நிப்போம். வெயில் இறங்கட்டும்.

— மணி பன்னெண்டு. வெயில் இனிமேதான் ஏறப்போவுது. பயமா இருக்குதுன்னு சொல்லேன், நான் இன்னா சிரிக்கவா போறேன்.

— பயம் இன்னா பயம். நீயே சொல்லு, நாம இன்னா கொலையா பண்ணிட்டோம்? ஒரு போஸ்டர் ஒட்டினோம்.

— உயிரோட இருக்கிற எழிலனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

— ஜாலிக்குடா அது. வெளிநாட்டுல எல்லாம் ஃபுட்பால் ஆடறவன் டீம மாத்தினா ரசிகருங்க ஜெர்சியப் போட்டுக் கொளுத்துறாங்க. நாம ஒரு போஸ்டர் ஒட்டினது தப்பா? 'முழங்கால் வலியால் அகால மரணமடைந்த'ன்னு போட்டிருக்குது. முழங்கால் வலியில எவன்டா சாவான்? படிச்சவன் எல்லாம் சிரிச்சான்.

— படிச்சவன் சிரிச்சான். அவங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது அரி. பஸ் ஸ்டாண்டு சொவத்துல புள்ள போட்டோ. சுத்திக் கருப்பு பார்டர். மேல ரெண்டு கண்ணுலேந்து தண்ணி கொட்டுது. அது இன்னான்னு தெரிய எழுத்து எதுக்கு?

— அத்த நான் யோசிக்கல.

— நானும்தான் யோசிக்கல. எங்கடையில மாசத்துக்கு இருபது அஞ்சலி போஸ்டர் அடிக்கிறேன். டிசைன் கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்குது. போட்டோவ மாத்தினேன், பேர மாத்தினேன், 'மறைவு'ன்ற எடத்துல ஃபைனல் தேதியப் போட்டேன். பத்து நிமிஷ வேல. நீ பக்கத்துல நின்னு சிரிக்கிற, நானும் சிரிச்சிக்கினே அடிச்சேன். அந்தம்மா பஸ்ஸ விட்டு இறங்கினதும் தரையில விழுந்து பொரண்டத பூக்கடை அம்மாக்கண்ணு வந்து சொல்றப்ப, யா அல்லா, உன்னையும் கூட்டிக்கினு போஸ்டரக் கிழிக்க ஓடினேன்.

— கண்டக்டர் அவனுக்குப் போன் போட்டிருக்கிறாரு. போன் ஆஃப்பு. அதுவும் நம்ம தப்பா?

— அவன் பாண்டியில ஸ்கேன் எடுக்கற எடத்துல கெடந்தான்டா. ரெண்டு மணி நேரம். ரெண்டு மணி நேரம் அந்தம்மா புள்ள செத்துட்டான்னே உக்காந்திருந்திருக்குது.

— சரி, தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா அவன் மட்டும் யோக்கியமா? நீயே சொல்லு. ஃபைனலுக்கு மொத நாள் 'போதும்'னு ஒத்த வார்த்தை ஸ்டேட்டஸ் வெக்கிறான். கேட்டா முட்டி வலின்றான். ஃபைனல் அன்னிக்கி காலையில பாண்டி டீம் மேனேஜரோட கார்ல போறான். நானே பாத்தேன், என் ஜூஸ் வண்டிக்கு எதிர்லதான் போனான். ஒரு கை தூக்கல. தெனம் பிராக்டீஸ் முடிச்சிட்டு எங்கிட்ட கரும்பு ஜூஸ் குடிச்சவன்டா. அன்னிக்கி சாயந்தரம் மூணு கோலு வாங்கிக்கினு தோத்தோம். பத்து வருஷமா நம்ம கிரவுண்டுல வெளியூர்க்காரன் கப்பு தூக்கினது இல்ல. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

— எரியும். எனக்கும் எரிஞ்சுது. இல்லன்னா அடிச்சிருக்கமாட்டேன்.

— வலி இன்னா வலி. செமிஃபைனல் ஞாபகம் இருக்குதுல்ல? பத்தாவது நிமிஷத்துல முட்டியப் புடிச்சிக்கினு விழுந்தான். ரெஃப்ரி ஸ்ட்ரெச்சர் கொண்டான்னு கை காட்றாரு. நான் வேலி மேல ஏறி ஒரே சத்தம். 'எய்ந்திருடா எழிலா, ஊரே பாக்குதுடா'ன்னு. என்னத் திரும்பிப் பாத்தான். எய்ந்தானா இல்லியா? முழு மேட்ச்சும் ஆடி ரெண்டு கோல் போட்டானா இல்லியா? அன்னிக்கி இல்லாத வலி ஃபைனலுக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சி?

— எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாமதான் போஸ்டர் ஒட்டினோம்.

— நீ அவன் கட்சி.

— சொல்றதக் கேளு. அவனுக்கு இருபத்திமூணு வயசு. வேற டீமுக்குப் போனா போவட்டுமே. நாம வேலிக்கு இந்தாண்ட நின்னு கத்தறவங்க. காலு அவனுது.

— டீமு நம்மளது.

— அந்த நெனப்புலதான் ஒட்டினோம். இப்ப மன்னிப்புக் கேக்கப் போயிக்கினு இருக்கிறோம்.

— நாமதான் ஒட்டினோம்னு சொல்லியே ஆவணுமா ரியாசு? பழத்தக் குடுத்துட்டு, கால் எப்டி இருக்குதுன்னு கேட்டுட்டு வந்துட்டா இன்னா? போஸ்டர்ல நம்ம பேர் எங்கியாச்சும் இருக்குதா? 'கண்ணீருடன், கோட்டை டீம் ரசிகர்கள்'. அவ்ளோதான். ரசிகருங்க ஊர் பூரா இருக்கிறாங்க.

— பேர் இல்ல. ஆனா நீ இருக்கிற.

— நானா? எங்க?

— கிழிச்சதுல ஒண்ண மடிச்சி வெச்சிருக்கிறேன். இந்தா, பிரிச்சிப் பாரு. அவன் தோள் மேல இன்னா இருக்குது?

— கை.

— யாரு கை?

— அடப்பாவி.

— நீ அனுப்பின போட்டோதான். உன் ஜூஸ் வண்டி முன்னாடி அவன் தோள்ல கை போட்டுக்கினு எடுத்தது. உன்ன வெட்டிட்டேன். கைய வெட்டினா அவன் தோளும் சேந்து போவுது. கெடக்கட்டும், யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

— ஆள்காட்டி விரல் பாதிதான் தெரியுது.

— கரும்பு மிஷின்ல பாதி விரலக் குடுத்தவன் செஞ்சியில எத்தினி பேர் இருக்கிறான்?

— கருப்பு வெள்ளையில சரியாத் தெரியல. யாரும் கவனிச்சிருக்கமாட்டாங்க.

— கவனிக்கறதுக்குள்ள நாமளே சொல்லிடணும். அவங்களாக் கண்டுபுடிச்சா அத விட அசிங்கம் கெடையாது. நான் சொல்லட்டுமா?

— வேணாம். எழுதினது நான். நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத.

— சரி. ஏறு.

— ஏறிட்டேன். மெதுவாப் போடா.

— இந்த வீடுதான். எம்மா. உள்ள யாராச்சும் இருக்கீங்களா?

— யாருப்பா அது?

— செஞ்சியிலேந்து வர்றோம்மா. எழிலனோட கூட்டாளிங்க. நான் ரியாசுதீன், பஜார்ல போஸ்டர் கடை வெச்சிருக்கிறேன். இவன் அரிகிருஷ்ணன்.

— வாங்க கண்ணு, உள்ள வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கிறீங்களே. புள்ள இல்லியேப்பா. எந்தம்பி தங்கராசு விடியக்காலமே பாண்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூட்டான். நாளைக்கு ஆப்ரேஷன். நானும் சாயந்தரம் போவணும்.

— ஆப்ரேஷனாம்மா? இன்னா ஆப்ரேஷன்?

— முட்டிக்குள்ள ஜவ்வு ரெண்டா அறுந்து பூட்டுதாம். ஸ்கேன்ல பாத்துட்டு சொன்னாங்க.

— எப்ப அறுந்துது?

— முன்ன ஒரு மேட்ச்சுல விழுந்தானாம். அப்பவே வெளிய வந்திருந்தா சின்னக் கிழிசல்தான், காலக் கட்டிக்கினு கெடந்தா ஒட்டிக்கினு இருக்கும்னாரு டாக்டரு. இந்தப் புள்ள எய்ந்து, அந்தக் காலோட கடைசி வரைக்கும் ஓடியிருக்குது. 'ஏம்ப்பா ஓடினே'ன்னு டாக்டர் கேக்குறாரு. 'எய்ந்திருன்னு கூப்ட்டாங்க சார், எய்ந்துட்டேன்'னு சொல்லுது. டாக்டருக்கே சிரிப்பு வந்துட்டுது. ஏன் கண்ணு, நீ நின்னுக்கினே இருக்கிற? உக்காரு.

— உக்காருடா அரி. எம்மா, திரும்ப ஆடுவானாம்மா?

— நடப்பான்னாரு. ஆடறத அப்பறம் பாக்கலாம்னாரு. அப்பறம் பாக்கலாம்னா இன்னா அர்த்தம்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

— இந்தப் பழத்த வாங்கிக்கோங்கம்மா.

— எதுக்குப்பா இதெல்லாம். பத்து நாளா முட்டி இவ்ளோ பெருசா வீங்கிக் கெடந்துது, டீம்லேந்து ஒரு ஆளு வந்து பாக்கல. போன்ல மட்டும், ஊசி போட்டுக்கினு ஃபைனல் ஆடு, ஆடுன்னாங்க. எம்புள்ளைக்கும் கோவம் வரும்ல? பொய் சொல்லக்கூடாது, பாண்டி டீமுக்குப் போறேன்னுதான் சொல்லிக்கினு இருந்தான். நீங்க அப்டி நெனச்சிருந்தா அது தப்பில்ல. அந்தப் பாண்டிக்காரருதான் டாக்டருகிட்ட இட்டுனு போனாரு. இனி எங்க போயி எந்த டீமுக்கு ஆடறது.

— எங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா.

— உங்களுக்கு எப்டித் தெரியும். நீங்க ரெண்டு பேருந்தானே அந்த போஸ்டரக் கிழிச்சது?

— அது யாரு சொன்னாங்கம்மா?

— அம்மாக்கண்ணு சொல்லிச்சி. ஒரு பாய் புள்ளையும் ஜூஸ்காரரும் பக்கெட்ல தண்ணி வெச்சிக்கினு, மொத்த பஸ் ஸ்டாண்டையும் நகத்தாலயே சொரண்டினாங்கன்னு. நல்லா இருப்பீங்க.

— அரி. அம்மாகிட்ட நீ ஏதோ சொல்லணும்னியே.

— இன்னா கண்ணு?

— ஒண்ணும் இல்லம்மா. ஆப்ரேஷன் நல்லபடியா முடியும்னு சொல்ல வந்தேன்.

— உன் வாய்க்கு அப்டியே நடக்கட்டும். கொஞ்சம் இருங்க, சோத்தப் போட்டு எடுத்துனு வரேன்.

— ஐயோ, வேணாம்மா. நாங்க கெளம்பறோம்.

— ஆக்கியாச்சிப்பா. ரெண்டு பேருக்கு சேத்துத்தான் ஒல வெச்சேன். யாராச்சும் வருவாங்கம்மான்னு புள்ள சொல்லிட்டுப் போச்சி. ரியாசு, கருவாட்டுக் கொழம்பு சாப்டுவியா?

— சாப்டுவேம்மா.

— இதோ வந்துட்டேன்.

— அடுப்பாண்ட போயிட்டாங்க. சொல்லித் தொலையேன்டா அரி.

— எப்டிடா சொல்வேன் ரியாசு. நான்டா. எய்ந்திருன்னு கூப்ட்டது நான்டா.

— தெரியும்.

— அத்தப் போயி ஊர் பூரா பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், நான் ஒரு சத்தம் போட்டேன், எழிலன் எய்ந்தான்னு. வெக்கமா இருக்குதுடா. இந்த வீட்டுல உக்காரவே வெக்கமா இருக்குது.

— போஸ்டரயாச்சும் சொல்லு.

— அத்தச் சொன்னா இத்தயும் சொல்லணும். ரெண்டையும் சொல்லிட்டு எப்டிடா அவங்க மூஞ்சியப் பாக்கறது?

— சொல்லாம அவங்க சோத்தத் துன்னப் போறியா?

— வராங்க. கம்முனு இரு.

— சாப்டுங்கப்பா. கூச்சப்படாம சாப்டுங்க. எனக்கு அந்தப் போஸ்டர்ல இன்னா எழுதியிருந்துதுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. யாரும் படிச்சிக் காட்டல, நானும் கேக்கல. அந்தக் கண்ணத்தான் பாத்தேன். அவங்க நைனா, எங்க வீட்டுக்காரரு, செத்தப்பவும் போஸ்டர்ல அதே கண்ணுதான் போட்டிருந்துது. அதனாலதான் எம்புள்ளையும் பூட்டான்னே நெனச்சிட்டேன்.

— அது எங்கடையில அடிச்சதும்மா.

— எதுப்பா?

— அவங்க நைனாவோடது.

— அப்டியா. நல்லா அடிச்சிருந்தீங்க. இன்னிக்கும் பொட்டிக்குள்ள ஒண்ணு வெச்சிருக்கிறேன். ஏன் ரியாசு, நீ சோத்தத் தொடவே இல்ல? கண்ணு ரெண்டும் செவக்குது.

— காரம்மா.

— உனக்குக் காரம், இவனுக்கு விக்குது. இன்னா புள்ளைங்க நீங்க. தண்ணி குடி கண்ணு.

— பரவால்லம்மா.

— சொம்பு பக்கத்துலயே இருக்குது பாரு.

— தானா நின்னுடும்மா.

— சோத்துக் கையால தொடாதப்பா, எச்சி படும். அந்தக் கையால எடு. எதுக்கு அத்த பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிக்கினு இருக்கிற?

— நான் எடுத்துக் குடுக்கிறேம்மா.

— நீ விடு ரியாசு. அவனே எடுக்கட்டும்.

— எம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் போஸ்டரு...

— மொதல்ல தண்ணியக் குடி கண்ணு. போஸ்டர்ல தோள் மேல இருக்கிறது யாரு கைன்னு பாத்ததுமே எம்புள்ள சொல்லிட்டான். 'பாதி விரல்காரன் வருவான்மா, நான் எய்ந்ததே அவன் கூப்ட்டுத்தான், வந்தா சோறு போட்டு அனுப்பு'ன்னு.