சாள்ஸ் அண்ணன் வாய் திறக்கிற இடம்

மீன் மணம்தான் ஹயாத்து நானா, அதை மறைக்க ஏலாது. மூண்டு தரம் சவுக்காரத் துணியால துடைச்சுத்தான் உங்கட கொம்பியூட்டர் திருத்திற கடைக்குக் கொண்டு வந்தனான். பாலாவி பஸ்ஸில பக்கத்தில இருந்தவன் எழும்பிப் போயிட்டான்.

சே, கடலுக்குள்ள விழயில்லை. முதல்ல இந்த ஹாட் டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போட்டுது. இனிப் போடாதீங்க அப்பா, இது சாகப்போகுது எண்டு மகள் ஷானிகா சொன்னவள். நான் கேக்கயில்லை. எஞ்சின் எண்டா இறுகத்தான் செய்யும், விடாம ஓட விட்டாச் சரிவரும் எண்டு ரெண்டு நாள் ஓட விட்டன். மூண்டாம் நாள் கொம்பியூட்டர் இப்பிடி ஒரு சாமானையே தெரியாது எண்டுட்டுது.

குளிருக்குள்ள வச்சாக் கொஞ்ச நேரம் உயிர் வருமாம். ஆர் சொன்னதோ? ஐஸ் லொறி செய்னுலாப்தீன். ஐஸைப் பற்றி அவருக்குத் தெரியாததே? எங்கட வீட்டில பிறிஜ் இல்லை. ரெண்டு சொப்பின் பேக்கில சுத்தி, எங்கட போட்டில இருக்கிற ஐஸ் பெட்டியில அறக்குளா மீனுக்கு நடுவில வச்சன். உப்பும் போட்டன், குளிர் கூடட்டும் எண்டு. வந்து பாத்தா, பெட்டியோட லொறியில ஏத்திட்டாங்க. சிலாபம் மார்க்கட்டில ஒருத்தர் தராசில வச்சு, இது என்ன மாலு, என்ன மீன் எண்டு சிங்களத்தில கேட்டவராம்.

திரும்பி வரேக்க ஈரம். என்ர மனிசி அனஸ்தாசியா கருவாட்டுப் பாயில காயப்போட்டுக் கம்போட காவல் இருந்தவ. காகம்கூட இதைத் தொடயில்லை.

சிரிக்காதீங்க நானா. இதுக்குள்ள ஒரு சாவீட்டு வீடியோ இருக்கு. எங்கட சாள்ஸ் அண்ணன் என்னோட கதைச்சு ஒன்பது வருசம். அவற்ற நங்கூரத்தை வாங்கிக்கொண்டு போய்த் துலைச்சுப்போட்டன், அதுக்குத்தான். கோயில் பூசையில பக்கத்து ஆளுக்குச் சமாதானம் சொல்லிக் கும்பிடுற நேரம் என்னைத் தாண்டிப் பின்னால நிக்கிற ஆளைக் கும்பிடுவார். அந்த மனுசன் அந்தச் சாவீட்டில சவப்பெட்டியைக் கட்டிப்பிடிச்சுத் தம்பி, தம்பி எண்டு குளறினவராம். இப்பக் கேட்டா, தான் அப்பிடிச் சொல்லவேயில்லை, வெயிலுக்குத் தலை சுத்தினது எண்டுறார்.

வீட்டில அதைப் பாக்க விடமாட்டாங்க, தரித்திரமாம். மனிசி நுரைச்சோலைக்குப் போன நேரமாப் பாத்துப் போட்டன். அண்ணன் வாறார், பெட்டியில கை வைக்கிறார், வாயைத் திறக்கிறார். டிக் டிக். அந்த இடத்தில நிண்டதுதான்.

நான் அங்க இருக்கயில்லையோ எண்டா? எப்பிடி இருக்கிறது? கடலில எல்லோ. எஞ்சின் நிண்டு போச்சு, போட நங்கூரமும் இல்லை, பத்தொன்பது நாள் இழுபட்டுப் போனன். பெட்டிக்குள்ள என்ர வெள்ளைச் சட்டையும் சாரமும்தான். ஓம் நானா, என்ர சாவீடுதான். நான் வந்து இறங்கேக்க அண்ணன் கரையில நிண்டவர். பாத்தார், முகத்தைத் துடைச்சார், திரும்பி நடந்திட்டார். பிறகும் கதை இல்லை.

முழுப் படமும் வேணாம் நானா. அந்தத் தம்பி எண்டுற இடம் மட்டும் எடுத்துத் தந்தாக் காணும். அதை ஊரே கேட்டது. நான் மட்டும்தான் இன்னும் கேக்கயில்லை.