சாமந்திக்குக் கொதிதண்ணி

"ஹலோ... சொல்லுக்கா... ஆமா, வேலையிலதான். முழங்கை வரைக்கும் தொட்டிக்குள்ள விட்டிருக்கேன்... பரவாயில்ல, சொல்லு. ... திரும்பவுமா? ஒண்ணுதானே இருந்துச்சு, எப்படி அத்தனையாச்சு? ... கத்தியா? கத்திய வச்சு சுரண்டினியா? போச்சு போ!"

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் மீன்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சிரித்தான். கடல் சாமந்தி என்று பேர்தான் அழகு. அக்கா வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கேட்காமல் வந்து குடியேறி, பக்கத்துப் பவளத்தையெல்லாம் கொட்டிக் கொல்கிற சனியன் அது. வெட்டினால் ஒவ்வொரு துணுக்கும் தனிக்குடித்தனம் போய்விடும். இதை அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அக்கா என்றைக்கு யார் பேச்சைக் கேட்டாள்?

"நான் என்ன சொன்னேன்? கொதிதண்ணிதான் மருந்துன்னு சொன்னேனா இல்லையா? ... ஆமா... ஆமா, ஆமா... செஞ்சுட்டியா! அப்படிப் போடு! ஊசியில எடுத்து ஒவ்வொண்ணு வாயிலயும்... ஊசி வாங்கலையா? பின்ன எப்படி? ... எது? ... எந்தக் கல்லு?"

கையிலிருந்த பஞ்சு தண்ணீரில் விழுந்தது.

"நான் குடுத்த கல்லா? சாமந்தி ஒட்டியிருக்குன்னு அதைத் தொட்டியிலேர்ந்தே தூக்கிட்டியா? ... தூக்கி? ... அடுப்புலயா வச்சிருக்கே? ... இரு, இரு. சிரிக்காதே. அக்கா, சிரிக்காதேங்கறேன்ல! அந்தக் கல்லுல பழுப்பா, பொத்தான் பொத்தானா ஒட்டிக்கிட்டிருந்துச்சே... அதோடவா?"

அந்தப் பொத்தான்களும் ஒரு வகைப் பவளம்தான். தண்ணீருக்குள் இருக்கிறவரை பரம சாது. கல்லோடு கொதிக்கவைத்தால் அதன் விஷம் ஆவியில் ஏறி வீட்டோடு ஆளைச் சாய்த்துவிடும். தொட்டி வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனாலேயே அதை அவன் அக்காவிடம் சொல்லவில்லை. கல்லைக் கிழங்கு மாதிரி யாராவது வேகவைப்பார்களா என்ன?

"நீ இப்ப எங்க நிக்கிறே? ... ஹால்ல. அங்கயே நில்லு, சமையல்கட்டுப் பக்கம் போகாதே... அடுப்பு எரிஞ்சா எரியட்டும்! ... இது ரெண்டாவது கல்லா? முதல் கல்லை வேகவச்சது யாரு... அத்தானா? காலையிலயா? ... ஜன்னல்? ... ஏசி ஓடுது, சாத்தித்தான் இருக்கும்... ஆமா, ஆமா... அத்தான் எங்க? ... காய்ச்சலா? ... குளிருதுன்னு போத்திக்கிட்டுப் படுத்துட்டாரா. அக்கா, உன் வாய் எப்படி இருக்கு? ... அட வாய்க்கா, வாய்! நாக்குல ஒரு கசப்பு, இரும்பை நக்கின மாதிரி... இருக்கா?"

அக்காவின் ஆறு வயது மகளும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தாள்.

"பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே. ... அது காய்ச்சல் இல்லக்கா, விஷம்! அந்தக் கல்லோட விஷம். ... செருப்பெல்லாம் தேடாதே, நட! ... சிஸ்டர், சிஸ்டர், அந்த மேசை போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, ஃபயர் சர்வீஸையும். விஷக்காத்து, முகமூடியோட வரச் சொல்லுங்க. ரயில்வே கேட் தாண்டி, பச்சைக் கட்டடம், மூணாவது மாடி... அக்கா, வந்துட்டியா? ... படியில உக்காரு. பாப்பா இருமுறாளா? ... சரி. நீ? ... சரி. அத்தானை எழுப்பினியா? ... உலுக்கியுமா? ... வேண்டாம். ... வேண்டாங்கறேன்! நீ போனா நீயும் விழுந்துருவே!"

கட்டியவனை உள்ளே போட்டுவிட்டுப் படியில் உட்கார் என்றால் எவள் உட்காருவாள்? கூடப்பிறந்தவளிடம் இதைத் தன் வாயால் சொல்ல வேண்டி வந்தது.

"அவங்க வந்துருவாங்கக்கா, கிளம்பிட்டாங்க... திட்டு. நல்லாத் திட்டு. கொதிதண்ணின்னு நான்தான் சொன்னேன், கல்லையும் நான்தான் குடுத்தேன், வந்து செருப்பால அடி. ஆனா உள்ள மட்டும்... அக்கா? ... அக்கா!"

"... பாப்பாவா? அம்மா எங்கடா? ... துண்டை மூஞ்சியில கட்டிக்கிட்டா... உள்ள போயிட்டாளா."

தொட்டிக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டான். நாற்காலிகளில் இருந்தவர்கள் பல்வலியை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, மாமா சொன்னா கேப்பியா? விஷக்காத்து வெளிய வரும், கதவைச் சாத்திடு. யாரு சொன்னாலும் தொறக்கக்கூடாது. ... சமத்து. அம்மா இருமுற சத்தம் கேக்குதா? ... கேக்குதா, நல்லது, இருமட்டும். நீ மெதுவா கீழ இறங்கு. ஒவ்வொரு படியா... ஏன்டா நின்னுட்டே? ... கதவைத் தட்டுறாங்களா? யாரு, அம்மாவா? அம்மா வந்துட்டாளா! அவளே தொறந்துக்குவாடா, நீ... என்ன போட்டே? ... தாழ்ப்பாளா? வெளியிலேர்ந்து தாழ்ப்பாள் போட்டியா?"

தொறக்கக்கூடாது என்று மாமா சொன்னார். சொன்னதற்கு மேலேயே பிள்ளை செய்துவிட்டது.

"இல்லடா, இல்ல, நீ தப்பே பண்ணல. இப்ப தொற. ... ஆமா, அப்ப தொறக்காதேன்னேன், இப்ப தொறங்கறேன். மாமாதான் சொல்றேன்! ... விஷம் உன்னை ஒண்ணும் செய்யாது, தொறந்த உடனே கீழ ஓடிரு. ... வரலையா? இறுகிப்போச்சா? ரெண்டு கையாலயும் இழு. ... போனைக் கீழ வை. கீழ வச்சுட்டு இழுடா கண்ணு!"

போன் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு பிள்ளை தாழ்ப்பாளைச் சுரண்டியது. உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. சுரண்டியது. மெதுவாக, ஒரு தட்டு. மறுபடி சுரண்டியது. அப்புறம் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பாப்பா... அக்கா! அக்கா, தட்டு! தட்டிக்கிட்டே இரு..."

லைன் கட்டானது.

மறுபடி கூப்பிட விரலை வைத்தான். கை முழுக்க உப்புத்தண்ணீர். திரை அவன் விரலை ஏற்கவில்லை. சட்டையில் துடைத்தான். சட்டையும் நனைந்திருந்தது.