மக்னோலியாவுக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது

ஜகரண்டாவை எந்த மடையனும் வளர்த்துவிடலாம், ஐயா. மக்னோலியாவுக்குத்தான் பொறுமை வேண்டும். பங்களாப் பூந்தோட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு வருஷம் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ஆனால் மரத்திலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பெயர் சோமசுந்தரம். அக்கரப்பத்தனைப் பக்கம் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களை வேலை வாங்குவது என் உத்தியோகம். பூந்தோட்டம், வெள்ளைக்காரத் துரையின் சம்சாரம் துரைசானி அம்மாள் என் தலையில் கட்டியது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது, சாயங்காலங்களில் இவனுக்கு என்ன வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்ததில் தப்பில்லை. எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஜகரண்டா வாகையைப் போலப் பொடி இலை மரம். வெயில் படுகிற இடமாகப் பார்த்து நட வேண்டும். கொப்பை வெட்டக்கூடாது, வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து சாட்டைக் குச்சி மாதிரி நெட்டுக்குத்தாகக் கிளம்பி மரத்தின் லட்சணமே போய்விடும். காற்றுக்குச் சட்டென்று முறியும், அதனால் கூரைக்குக் கிட்ட வைக்கக்கூடாது. மற்றபடி அது யாரையும் எதுவும் கேட்காது. ஐந்தாம் வருஷம் சித்திரையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மரம் முழுக்க நீலமாகப் பூத்தது. கொழுந்துக்கூடையோடு போகிற பெண்கள் வேலிக்கு வெளியே நின்று வாயைப் பிளந்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மக்னோலியா அப்படியில்லை. இலை தடித்து, மேலே எண்ணெய் தடவியது போலவும் அடியில் துருப்பிடித்தது போலவும் இருக்கும். வேர் சதைப்பற்றானது, மண்ணுக்கு மேலாகவே ஓடும். மண்வெட்டி பட்டால் அழுகும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பிடுங்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. அடியில் எப்போதும் இலைமக்குப் போட்டு ஈரம் காக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. தேங்கினால் இலை நுனியிலிருந்து மஞ்சளடிக்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்த மரம் அழுதுகொண்டே இருந்தது, நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அதன் மேல் ஆசை, ஐயா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

துரைசானி அம்மாள் சீமைக்குப் புறப்பட்ட அன்று என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார்.

"சோமசுந்தரம், நீலம் சும்மா வரும். வெள்ளை நீ பாத்துக்கோ. முதல் பூ நான் வந்து பாக்கணும்."

இருபது வருஷமாக என்னிடம் ஆட்களை ஒப்படைத்திருக்கிறார்கள், கூடைகளை, கத்திகளை, மலைகளை ஒப்படைத்திருக்கிறார்கள். பாத்துக்கோ என்று யாரும் சொன்னதில்லை. எடு, அனுப்பு, விரட்டு என்றுதான் சொல்வார்கள்.

போன வருஷ மழையில் இலை மஞ்சளடித்தது. புல்தரை சமதளம், பெய்கிற தண்ணீரெல்லாம் மரத்தடியில் குளம் கட்டியது. தண்ணீரை வடிக்க ஒரு கான் வெட்டியாக வேண்டும். இடது பக்கம் வெட்டினால் நேராக ஓடையில் போய் விழும். ஆனால் அந்தப் பக்கம் டென்னிஸ் ஆடுகிற புல். துரையிடம் கேட்டேன்.

"புல்லு வெட்டாதே," என்றார். அதோடு முடிந்தது.

அதனால் வலது பக்கம் வெட்டினோம். வலது பக்கம் பூந்தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு மேடு, மேட்டுக்குக் கீழே ஆட்கள் குடும்பத்துக்கு ஒரு அறையாகக் குடியிருக்கிற பத்துக் காம்பரா லயம்.

கான் விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, ஐயா. எங்கே ஆரம்பித்தாலும் அது ஓடையில் போய் முடிய வேண்டும். பாதியில் விட்ட கான் மலைக்குள் தண்ணீரை இறக்கும். இது தேயிலைத் தோட்டத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

கானை வெட்டியவன் நல்லமுத்து. மேட்டு விளிம்புக்கு வந்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இதுக்கு மேல எங்கிட்டு கொண்டுபோறதுங்க? கீழ எங்க லயமில்ல இருக்கு?"

"இன்னிக்கு இதோட விடு. அடுத்த வாரம் சுத்தி வளைச்சு ஓடைக்குக் கொண்டுபோயிடுவோம்," என்றேன்.

"சரிங்க," என்றான். கணக்கப்பிள்ளை சொன்னால் சரிங்க என்பதுதான் வழக்கம். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் என்று நான் சொன்னது பொய்யில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தேயிலை விலை விழுந்த காலம் இது. பாதிச் சனத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியாயிற்று. ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை கொடுப்பதைப் பேர் போடுவது என்போம். கொழுந்து எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் பேர் போடக்கூடாது என்று துரை உத்தரவு. காலைப் பெரட்டில் ஆட்கள் குளிரில் கைகட்டி நிற்பார்கள், யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்று நான் பிரிப்பேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கான் ஞாபகம் வரும். நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிடுவேன். துரையிடம் கேட்டால், எங்கே வெட்டினாய், யார் வெட்டச் சொன்னது என்று வந்து பார்ப்பார். பார்த்தால் மூடச் சொல்வார். மூடினால் மரம் செத்துப்போகும். இவ்வளவுதான் என் யோசனை. பெரிய யோசனை ஒன்றுமில்லை.

இலை பச்சைக்குத் திரும்பியது. இந்த வருஷம் வைகாசியில் மூன்று மொட்டு வைத்தது. துரைசானி அம்மாள் ஆடியில் வருகிறார் என்று துரை சொல்லியிருந்தார்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு, நல்லமுத்துவின் பெண்சாதி காளியாயி மட்டும் கூடையோடு நின்றாள்.

"ஐயா, காம்பராவுல பின் செவுரு வேர்க்குதுங்க. கைய வச்சா ஈரம் ஒட்டுது. பூரணிக்குச் சளி விடவே மாட்டேங்குது."

"மழ காலத்துல எந்த லயத்துச் செவுரு வேர்க்காம இருக்கு? எங்க வீட்டுச் செவுரும்தான் வேர்க்குது," என்றேன்.

"முந்தி இப்பிடி இல்லீங்க."

"போ, போ. நேரமாச்சு. கங்காணி சத்தம் போடுவாரு."

போய்விட்டாள். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பூரணி அவள் மகள், மூன்று வயதிருக்கும்.

அன்றைக்கே நான் மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. கான் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மேட்டின் நீளத்துக்கு மண் வெடித்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. உள்ளே சில்லென்று இருந்தது, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மொட்டு மூன்றும் விரல் நீளத்துக்கு மேல் வந்திருந்தன. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் விரிந்துவிடும் என்று நினைத்தேன். பூ விரிந்து, அம்மாள் வந்து பார்த்துவிட்டால், பிறகு கானை நானே மூடிவிடலாம். மழை குறைந்தாலும் குறையும். குறைந்த வருஷங்களும் உண்டு.

வெடிப்பை மண் போட்டு மூடி, மேலே புல் கரணை பதித்தேன். யாராவது பார்த்துப் பயந்துவிடக்கூடாது என்பதற்காக. வேலை நன்றாகவே வந்தது, நேற்று வைத்த புல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மேடு இறங்கியது. வேலை நாளாக இருந்தால் காம்பராக்கள் வெறுமையாக இருந்திருக்கும். ஞாயிறு என்பதால் எல்லோரும் வீட்டில். சோறு வடிக்கிற நேரம். கடைசி இரண்டு காம்பராவும் மண்ணுக்குள் போய்விட்டன. ஒன்றில் நல்லமுத்து, காளியாயி, பூரணி. மற்றதில் மீனம்மா, அவள் ஒண்டிக்கட்டை.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். கீழே லயத்துக்கு ஓடவில்லை, ஐயா. மேலே கானுக்கு ஓடினேன். கான் திறந்து கிடந்தால் தண்ணீர் இன்னும் இறங்கும், தோண்டுகிறவர்களுக்கு ஆபத்து. அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணைத் தள்ளி முழுக்க மூடி, மிதித்து, புல் பதித்த பிறகுதான் கீழே போனேன். அதற்குள் ஆட்கள் கையாலேயே தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். மண்வெட்டிகள் இருந்த ஸ்டோர் சாவி என் மடியில் இருந்தது. மீனம்மாவை எடுத்தபோது உயிர் இல்லை, உடம்பில் சூடு மட்டும் இருந்தது. காளியாயி பிள்ளையை வயிற்றுக்குக் கீழே வைத்துக் குப்புறக் கிடந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று துரை கேட்டார்.

"மழை, துரை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மழை என்றால் யாருக்கும் மேலே கேட்க ஒன்றுமில்லை.

கானை மூடியதால் மரத்தடியில் மறுபடி குளம் கட்டிவிட்டது. மொட்டு மூன்றும் கறுத்து உதிர்ந்தன. துரைசானி அம்மாள் இந்த வருஷம் வரவில்லையாம், நேற்று துரை போகிற போக்கில் சொன்னார். நான் சரிங்க துரை என்றேன். எனக்கு அலுத்துவிட்டது. மரத்தைப் பார்க்கவும் அலுப்பு, உங்களிடம் மழை என்று இன்னொரு தடவை சொல்லவும் அலுப்பு. அதனால்தான் நீங்கள் தோண்டித் துருவாமலே கானைப் பற்றிச் சொன்னேன்.

ஆனால் நீங்கள் கானைப் பற்றிக் கேட்கவில்லை. நான் இவ்வளவு சொல்லி முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டீர்கள்.

"லயத்துக் கடைசியிலை உம்முடைய மாட்டுக் கொட்டிலும் புதைஞ்சு கிடக்குது. மாட்டை எப்ப அவிட்டனீர்?"

சனிக்கிழமை சாயங்காலம் அவிழ்த்தேன், ஐயா. கயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசல் வழியாகத்தான் நடந்தேன். பூரணி படியில் உட்கார்ந்திருந்தாள். மாட்டைப் பார்த்ததும் எழுந்து வந்து கையிலிருந்த புல்லை நீட்டினாள். மாடு தின்னும் வரைக்கும் நின்றேன். காளியாயி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மாட்ட ஓட்டிட்டுப் போறீங்க?"

"ஈரத்துல கொளம்பு அழுகுதும்மா. மேல வீட்டாண்ட கட்டப் போறேன்."

"அதுவும் சரிதாங்க. வாயில்லா ஜீவன்," என்றாள்.

அவளையும் போகச் சொல்லியிருக்கலாம். நாலு ஆட்கள் இடம் மாறினால் ஏன் என்று துரை கேட்பார். மாடு மாறினால் யாரும் கேட்க மாட்டார்கள். மேடு இறங்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமையே தெரியும். வெடிப்பில் கையை விட்ட அன்றே தெரியும். நாலு பேரையும் நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஐயா, அந்த மாடு நிறைசினையாக இருந்தது. அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்கள்.